கோர்வைப் புடவை என்றால் என்ன, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

வாசகர் ஒருவரின் கேள்வி இதுதான். அம்மாவின் கல்யாணப் புடவையைப் பார்த்த உறவினர் ஒருவர், "இது அசல் கோர்வை, பத்திரமாக வை" என்றாராம். போன மாதம் கடையில் புதிதாக எடுத்த புடவையையும் "கோர்வை பார்டர்" என்று சொல்லித்தான் விற்றார்கள். இரண்டையும் பக்கத்தில் விரித்துப் பார்த்தால் வேறுவேறாக இருக்கின்றன. அம்மாவின் புடவையில் கரைக்கும் உடலுக்கும் நடுவே ஓரிரு இடத்தில் சின்னத் துளையும் இருக்கிறது. கோர்வை என்பது கரையில் வரும் கோபுர வடிவத்தின் பெயரா? கரையைத் தனியாக நெய்து தைத்து ஒட்டுவதா? அது தமிழ்ச் சொல்தானா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: ஆம், சுத்தமான தமிழ். மற்ற இரண்டுக்கும் இல்லை. கோர்வை என்பது வடிவத்தின் பெயரும் இல்லை, தையலும் இல்லை. அது ஒரு செயலின் பெயர். உடலுக்கு ஒரு ஊடை (குறுக்கே ஓடும் நூல்), கரைக்கு வேறு ஊடை என்று வைத்துக்கொண்டு, இரண்டையும் எல்லையில் ஒன்றோடொன்று கோத்து நெய்வதுதான் கோர்வை. புடவை தறியில் இருக்கும்போதே, ஒவ்வொரு வரியிலும் இது நடக்கிறது.

இது ஏன் தேவைப்பட்டது என்று புரிய, மயில் கழுத்து நிறத்திலிருந்து தொடங்கலாம். புடவையை அசைத்தால் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பச்சை என்று மாறுகிறதே, அப்படி ஒரு நூலைச் சாயம் போட்டு எடுக்க முடியாது. நீளவாக்கில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை இன்னொரு நிறம். இரண்டும் கலந்து கண்ணுக்கு மூன்றாவது நிறமாகத் தெரிகின்றன. மயில் கழுத்துக்கு இந்தக் கலப்பு அழகு. ஆனால் மாம்பழ மஞ்சள் உடலும் அரக்குக் கரையும் வேண்டும் என்று ஒருவர் கேட்டால், இதே கலப்பு தொந்தரவாகிவிடும். பாவில் கரைப்பகுதிக்கு அரக்கு இழைகளை வைத்துவிடலாம், அதில் சிக்கல் இல்லை. ஆனால் மஞ்சள் ஊடை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடினால், கரைக்குள்ளும் மஞ்சள் புகும். அரக்கு வெளுத்து, செங்கல் போல ஒரு நிறமாகும். அரக்கு அரக்காகவே நிற்க வேண்டுமானால், மஞ்சள் ஊடை கரையின் வாசலிலேயே நின்று திரும்ப வேண்டும். கரைக்குள் அரக்கு ஊடைதான் போக வேண்டும்.

இதனால்தான் கோர்வைத் தறியில் மூன்று நாடாக்கள், அதாவது ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் கட்டைகள். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று. அப்புறம், இரண்டு கரைகளும் ஒரே நிறமாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் போய்விடுகிறது. ஒரு பக்கம் அரக்கு, மறுபக்கம் பச்சை என்று வரும் கங்கா ஜமுனா புடவை நிறம் கலங்காமல் வருவது இப்படித்தான்.

மூன்று நிறங்கள் மூன்று நாடாக்களில் போனால், ஒரு புதுச் சிக்கல் வரும். மஞ்சள் ஊடை எல்லையில் திரும்புகிறது, அரக்கு ஊடையும் அதே எல்லையில் திரும்புகிறது. இரண்டும் சும்மா திரும்பினால் நடுவில் நீளமாக ஒரு பிளவு விழும். உடல் தனித் துணி, கரை தனிப் பட்டை என்று ஆகிவிடும். ஆகவே திரும்பும்போது ஒன்றின் வளைவுக்குள் இன்னொன்று புகுந்து வர வேண்டும். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு விரலை மடக்கி, ஒன்றுக்குள் ஒன்று மாட்டி இழுத்துப் பாருங்கள். அந்தப் பிடிதான் கோர்வை. ஒரு புடவை நீளத்துக்கு இப்படி ஆயிரமாயிரம் பிடிகள், இரண்டு பக்கமும்.

இனி சொல்லுக்கு வருவோம். எனக்கு இதில்தான் சுவை அதிகம்.

வேர் 'கோ'. பூவைக் கோத்தான், முத்தைக் கோத்தாள், ஊசியில் நூல் கோத்தாள் என்று சொல்கிறோமே, அதே வினை. அதிலிருந்து முறையாகப் பிறக்கும் பெயர்ச்சொல் 'கோவை'. ஆசாரக்கோவை, திருக்கோவையார் எல்லாம் அந்தக் கோவைதான், வரிசையாகக் கோத்து வைத்தது. பேச்சில் 'கோத்து' என்பது 'கோர்த்து' ஆயிற்று. இலக்கணம் பார்ப்பவர்கள் இதைப் பிழை என்று இன்றும் சிவப்பு மையில் சுழிப்பார்கள். ஆனால் நடுவில் ஒரு ரகரம் ஏறியதும், பார் – பார்வை, போர் – போர்வை, தீர் – தீர்வை என்று ஏற்கெனவே இருக்கும் அச்சில் கோர் – கோர்வை அழகாகப் பொருந்திவிட்டது. அந்தப் பிழை நடந்ததும் நல்லதற்குத்தான் என்று நான் சொல்வேன். இலக்கணப்படி 'கோவைப் பட்டு' என்றே நின்றிருந்தால், எல்லாரும் கோயம்புத்தூர்ப் பட்டு என்று நினைத்திருப்பார்கள். போதாததற்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் 'கோவை கோரா' என்றே ஒரு புடவை இருக்கிறது. அந்தக் கோரா வேறு சொல், வெளுக்காத, சாயம் போடாத நூலைக் குறிப்பது. கோர்வைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

தறியை விட்டு வெளியே வந்தாலும் இந்தச் சொல் கூடவே வருகிறது. மிருதங்கத்தில் தனி ஆவர்த்தனத்தை முடிக்கும்போது ஒரு கணக்கை மூன்று தரம் வாசித்து, தாளத்தில் சரியான இடத்தில் வந்து இறங்குவார்கள். அதன் பெயரும் கோர்வை. பரதநாட்டியத்தில் அடவுகளை அடுத்தடுத்து இணைத்து ஆடுவது அடவுக் கோர்வை. "கொஞ்சம் கோர்வையாகச் சொல்லுடா" என்று வாத்தியார் அதட்டியதும் இதே சொல்தான். எல்லாவற்றிலும் தனித்தனியாக இருப்பவை அறுந்துபோகாமல் அடுத்தடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். தறிக்காரர் இந்தச் சொல்லைத் தேடிப் போயிருக்க மாட்டார். வீட்டில் பூக்கட்டுகிறவர் வாயில் புழங்கிய சொல்லையே எடுத்துக்கொண்டிருப்பார்.

தறியின் பழைய சொற்கள் பலவும் இப்படித்தான், வினையிலிருந்து வந்தவை. பாவுதல் என்றால் பரப்புதல். நீளமாகப் பரப்பிய நூல் பாவு. அதன் ஊடே போவது ஊடை. நெய்து முடித்துத் துணித்து எடுத்ததால் துணி, அறுத்து எடுத்ததால் சங்க காலத்தில் அறுவை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு சங்கப் புலவரே இருக்கிறார். அவர் ஜவுளிக்கடைக்காரர்தான்; அறுவை என்றதும் மருத்துவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஜரிகையோ வெளியிலிருந்து வந்தது. பாரசீகத்தில் 'ஜர்' என்றால் பொன்.

கோர்வை நெய்வதைக் கிட்டத்தில் பார்த்தால்தான் அதன் விலைக்குக் காரணம் தெரியும். என் சின்ன வயதில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நண்பன் வீட்டில் குழித்தறி இருந்தது. அவன் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவேன். மாமா குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். மிதிபலகையை மிதித்தால் பாவு மேலும் கீழுமாகப் பிரிந்து வாய் திறக்கும். வலப்பக்கக் கரை நாடாவும் உடல் நாடாவும் அவர் கையில். இடப்பக்கக் கரைக்கு இன்னொரு ஆள் வேண்டும், ஏனென்றால் அவர் கை அங்கே எட்டாது. பெரும்பாலும் அத்தைதான் அந்தப் பக்கம் உட்காருவார். மஞ்சள் நாடா இடது எல்லையில் வெளியே வரும். அத்தை அரக்கு நாடாவை அதனோடு மாட்டித் தன் கரைக்குள் அனுப்புவார். ஊடையை நெருக்கும் பலகை வந்து 'டக்'கென்று அடிக்கும். மறுபடி மிதி. இருவரும் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். பலகை அடிக்கும் சத்தத்தை வைத்தே அடுத்தது யார் கை என்று தெரியும்.

ஒருநாள் அத்தை சமையலுக்கு எழுந்துபோன நேரத்தில், நான் உட்காருகிறேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். மாட்டுவதில் ஒன்றும் கஷ்டமில்லை. எவ்வளவு இழுப்பது என்பதுதான் கஷ்டம். கொஞ்சம் தளர்ந்தால் எல்லையில் ஊசி போகிற அளவுக்குத் துளை விழும். கொஞ்சம் இறுக்கினால் கரை உள்ளே இழுபட்டு அலையலையாக நிற்கும். நான் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தேன். மாமா எதுவும் சொல்லவில்லை. நான் வீட்டுக்குப் போன பிறகு, நான்கு விரற்கடை அளவுக்கு நெய்ததை ஒவ்வொரு ஊடையாகப் பிரித்து எடுத்தாராம். நண்பன் மறுநாள் பள்ளிக்கூடத்தில் சொன்னான்.

அந்த இடப்பக்க இருக்கைக்கு இன்னொரு கதையும் உண்டு, அது இவ்வளவு இனிப்பானது இல்லை. வீட்டில் ஆள் இல்லாத தறிகளில் அங்கே உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக, பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் தறியில் உட்கார்ந்தவர்கள். காஞ்சிபுரத்தின் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றித் தொண்ணூறுகளில் நாடே பேசியது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதற்குப் பின் நடந்த தொடர்ந்த முயற்சிகளும் அவர்களைப் பெருமளவு பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அதற்குப் பிறகு அந்த இருக்கைக்குப் பெரியவர் ஒருவரை வைத்தால், அவருக்கும் குடும்பம் நடத்துகிற கூலி கொடுக்க வேண்டும். இரண்டு ஆள் கூலி என்றதும் கோர்வை விலை ஏறியது, நெய்கிறவர்களும் குறைந்தார்கள். "அந்தக் காலத்தில் கோர்வை மலிவு" என்று பெருமூச்சு விடுபவர்களைப் பார்த்தால், அது யாருடைய கணக்கில் மலிவாக இருந்தது என்று கேட்கத் தோன்றும்.

ஜக்கார்டு பெட்டி இருக்கிறதே, கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறார்களே, பிறகு எதற்கு இரண்டு ஆள் என்று கேட்பீர்கள். ஜக்கார்டு எந்தப் பாவு இழை எப்போது மேலே எழ வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளும். கரைக்குள் மயில் வேண்டுமா, யாளி வேண்டுமா, ருத்ராட்சம் வேண்டுமா என்பது அதன் வேலை. இரண்டு ஊடைகளை எல்லையில் மாட்டுவது நாடாவை வீசுகிற கையின் வேலை. அதனால் ஜக்கார்டில் நெய்த கோர்வையும் உண்டு, ஜக்கார்டில் நெய்த கோர்வை அல்லாததும் உண்டு. குழப்பத்தில் பாதி இங்கேதான்.

மீதிப் பாதி கோபுர வடிவத்தால் வருகிறது. கரையும் உடலும் சேரும் இடத்தில் வரிசையாகக் கூர்கூராக நிற்குமே, ரேக்கு என்றும் மொட்டு என்றும் கோபுரக்கரை என்றும் சொல்வார்கள். கரை ஊடை ஒரு வரியில் ஒரு இழை தள்ளி, அடுத்த வரியில் இரண்டு இழை தள்ளி என்று உடலுக்குள் படிப்படியாக ஏறி, பிறகு படிப்படியாக இறங்கினால் அந்தக் கூர் தானாக விழும். கோர்வைக்கு இது இயல்பாக வரும் வடிவம். ஒரே கோட்டில் மாட்டாமல் பிடிப்பு அகலமாகப் பரவுவதால், சேருமிடமும் உறுதியாகும். பழைய கோர்வைப் புடவைகளில் ரேக்கு நிறைய இருப்பதால், ரேக்கு இருந்தால் கோர்வை என்று மக்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் நேர்கோட்டில் சேரும் கோர்வையும் உண்டு. ஒரே நாடாவில் நெய்து, ஜக்கார்டால் ரேக்கு போட்ட புடவையும் இன்று ஏராளம்.

முந்தியையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கரையும் உடலும் பக்கவாட்டில் சேருகின்றன, அங்கே சேருவது ஊடையும் ஊடையும். முந்தி வேறு நிறமாக வேண்டுமென்றால் உடலின் பாவு முடிந்து முந்தியின் பாவு தொடங்க வேண்டும். அங்கே பாவு இழையோடு பாவு இழையை, ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். இதற்குக் காஞ்சியில் பேட்னி என்று பெயர். முந்தி தொடங்கும் இடத்தில் இரண்டு நிறமும் கலந்து, ரம்பப் பல் போல ஒரு குறுகிய பட்டை தெரிந்தால் அது பேட்னி. கோர்வைக் கரையும் பேட்னி முந்தியும் சேர்ந்து வந்த புடவையைத்தான் முழு வேலைப்பாடு என்பார்கள்.

இந்த வித்தை காஞ்சிக்கு மட்டும் சொந்தம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. தெலங்கானாவின் கத்வால் புடவையில் பருத்தி உடலோடு பட்டுக்கரை சேருவதும் ஊடைகளைக் கோத்துத்தான். கர்நாடகத்தின் இல்கல் புடவையில் முந்திப் பாவை உடல் பாவோடு வளையம் வளையமாக மாட்டுவதைத் 'தோப் தேனி' என்பார்கள், பேட்னியின் நெருங்கிய உறவு. கோர்வை பட்டில் மட்டும்தான் வரும் என்பதும் இல்லை, பருத்திப் புடவையிலும் உண்டு. காஞ்சி அந்தப் பெயரைத் தன்னுடையதாக்கிக்கொண்டதற்குக் காரணம், அழுத்தமான நிறங்களை மோதவிடும் அதன் ரசனை. அரக்குக்குப் பக்கத்தில் மஞ்சள், கருநீலத்துக்குப் பக்கத்தில் குங்குமச் சிவப்பு என்று வைக்கும்போது எல்லை கலங்காமல் நின்றால்தான் அது எடுபடும். இளம் நிறத்துக்குப் பக்கத்தில் இளம் நிறம் வைக்கிற ஊரில் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

இனி உங்கள் கடைப் புடவை. கடைக்காரர் பொய் சொன்னார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். உடலும் கரையும் எதிர்நிறத்தில் இருந்தால் எல்லாமே கோர்வை என்று இன்று கவுண்டரில் நிற்கும் பலர் நம்பியே சொல்கிறார்கள். நானே ஒருமுறை அப்படி ஒன்றை வாங்கி, வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்து நொந்துபோனேன். பட்டு சுத்தம், நிறம் அருமை, கோர்வை மட்டும் இல்லை. பெயரை நம்பிப் புடவையைத் திருப்பிப் பார்க்காதது என் தப்பு.

சீட்டுகளும் இதில் உதவாது. சில்க் மார்க், பட்டு அசலா என்பதைச் சொல்லும். ஹேண்ட்லூம் மார்க், கைத்தறியா என்பதைச் சொல்லும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு, ஊரைச் சொல்லும். கரை கோத்ததா, ஒரே நாடாவில் ஓடியதா என்று எந்தச் சீட்டும் சொல்லாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

பகல் வெளிச்சத்தில் முதலில் கரையின் வெளி விளிம்பைப் பாருங்கள், தரையில் படுகிற அந்த ஓரத்தை. ஊடை திரும்புகிற இடம் அது. கோர்வை என்றால் அங்கே கரை நிறம்தான் இருக்கும். ஒரே நாடா என்றால் உடலின் நிறம் புள்ளிபுள்ளியாக எட்டிப் பார்க்கும். இதை மறைப்பது கஷ்டம், ஆகவே நான் எப்போதும் இங்கேதான் தொடங்குவேன். அடுத்து, கரையில் ஜரிகை இல்லாத ஒரு விரல் இடத்தை எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். நிறம் மாறாமல் இருக்கிறதா, உடலின் சாயல் அடிக்கிறதா? மூன்றாவதாகப் பின்பக்கம் எல்லையில் விரலை ஓட்டுங்கள். ஊடைகள் மாட்டிய இடம் மெல்லிய தடிப்பாக விரலுக்குத் தட்டுப்படும். ஆனால் நன்றாக நெய்தவர் கையில் இது மிக மெலிதாக இருக்கும். தட்டுப்படவில்லை என்பதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள்.

இரண்டு கரைகளையும் தனித்தனியாகப் பாருங்கள். கீழே வரும் பெரிய கரைக்கு மட்டும் கோர்வை செய்து, இடுப்பில் சொருகி மறைந்துபோகும் சின்னக் கரையை உடல் நாடாவிலேயே விட்டுவிடுவதும் நடக்கிறது. அது ஏமாற்று வேலை இல்லை. ஒரு பக்கக் கோர்வை என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் நியாயமான புடவைதான்.

"புடவை கிழிந்தாலும் கரை பிரியாது" என்று ஒரு பெருமை ஊரில் உண்டு. இழுப்பு சரியாக இருந்த புடவைக்கு அது பெரும்பாலும் உண்மை. என்னைப் போன்றவன் உட்கார்ந்து நெய்த புடவைக்கு உண்மையாக இருந்திருக்காது. உங்கள் அம்மாவின் புடவையில் கரைக்கும் உடலுக்கும் நடுவே ஓரிரு இடத்தில் சின்னத் துளை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பூச்சி அரித்ததா என்று பதற வேண்டாம். துளையைச் சுற்றி நூல் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். நூல் அறுந்திருந்தால்தான் பூச்சி. நூல் முழுசாக இருந்து, உடல் ஊடை இந்தப் பக்கமும் கரை ஊடை அந்தப் பக்கமும் வளைந்து திரும்பியிருந்தால், அந்த வரியில் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் மாட்டத் தவறிவிட்டார்.